பிட்சர்களின் பக்கம் நின்றவர் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நன்றாக ஆடியவர்கள் நன்றாகக் கற்பிப்பது அரிது என்று சென்ற மாதம் எழுதிய நீங்கள், அதற்கு விலக்காக ஜானி செய்ன் என்ற அமெரிக்க பேஸ்பால் வீரரின் பெயரை மட்டும் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். ஆறு அணிகளில் பிட்சர்களின், அதாவது பந்தெறிபவர்களின், பயிற்சியாளராக இருந்திருக்கிறார். சிகாகோவைத் தவிர வேறெங்கும் மூன்றாண்டுகளைத் தாண்டவில்லை. அத்தனை சிறந்தவர் என்றால் ஏன் ஒவ்வொருவராக அவரை அனுப்பிவிட்டார்கள்? அவரிடம் பயின்றவர்களின் வெற்றிகள் உண்மையில் அவரால் வந்தவையா, அல்லது நல்ல பிட்சர்கள் இருந்த இடங்களில் அவரும் இருந்தாரா? பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். ஆகவே இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

செய்ன் 1917இல் ஆர்கன்சா மாநிலத்தின் ஹவானா என்னும் சிற்றூரில் பிறந்தார். பந்தை மின்னல் வேகத்தில் எறியும் கை அவருக்கு வாய்க்கவில்லை. 1936 முதல் 1941 வரை கீழ்நிலைப் போட்டிகளான சிறு லீகுகளில் காலம் தள்ளி, 1942இல்தான் பெரிய லீகின் பாஸ்டன் பிரேவ்ஸ் அணிக்கு வந்தார்; வந்த உடனே போர் அவரைக் கடற்படைக்கு அழைத்துக்கொண்டது. அங்கே விமானம் ஓட்டப் பயின்றபோது, காற்று ஒரு பொருளைத் தாங்குவதும் தள்ளுவதும் எப்படி என்பதை அவர் பாடமாகவே படித்தார். திரும்பி வந்தவர் 1946 முதல் 1950 வரையிலான ஐந்து பருவங்களில் நான்கில் இருபதும் அதற்கு மேலும் வெற்றிகள் பெற்றார் (பேஸ்பாலில் அணியின் ஒவ்வொரு வெற்றியும் ஒரு பிட்சரின் பெயரில் எழுதப்படும்). 1948இல் மட்டும் 24. அந்த ஆண்டின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டத்தில், வேகத்துக்குப் பேர்போன பாப் ஃபெல்லரை எதிர்த்து 1-0 என்று வென்றார். (பெரிய லீகின் நிறத்தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரல் 15 அன்று அங்கே முதன்முதலாக மட்டை பிடித்தபோது எதிரே நின்று பந்தெறிந்தவரும் இவர்தான்.) வேகம் இல்லாத கையால் இவ்வளவையும் சாதித்தவர், தன் ஒவ்வொரு பந்தும் ஏன் அப்படி வளைந்தது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டியிருந்தது. பிறவி வேகம் உள்ளவருக்கு அந்தத் தேவையே எழுவதில்லை. அதனால்தான் அவரால் பிறருக்குச் சொல்லவும் முடிவதில்லை. செய்னுக்குச் சொல்ல நிறைய இருந்தது.

இயற்பியல் கற்பிப்பவரான உங்களுக்கு அவருடைய கருவியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு பேஸ்பாலின் நடுவே மெல்லிய கம்பியைச் செருகி, பந்து அந்த அச்சில் சுழலும்படி அவர் அமைத்திருந்தார். பிட்சர் பந்தைப் பிடிப்பதுபோலவே விரல்களைத் தையலின் மேல் பதித்து, மணிக்கட்டை மடக்கிச் சுண்டினால், சிவப்புத் தையல் எந்தத் திசையில் உருள்கிறது என்பது கண்ணெதிரே தெரியும். கம்பியைச் சற்றுச் சாய்த்தால் அச்சு மாறும். அச்சு மாறினால், கீழ்நோக்கி வளையும் கர்வ் பால், பக்கவாட்டில் விலகும் ஸ்லைடராகும். கிரிக்கெட்டில் பந்து தரையில் பட்டுத் திரும்ப ஆடுகளம் துணை செய்கிறது. பேஸ்பாலிலோ 18.44 மீட்டர் தூரத்தைப் பந்து காற்றிலேயே கடந்தாக வேண்டும். அதை வளைக்கச் சுழற்சிதான் பெருந்துணை. தோளுக்குச் சிறிதும் அலுப்பில்லாமல், அறையில் உட்கார்ந்தபடியே நூறு முறை அந்தச் சுழற்சியைப் பழகலாம் என்பதுதான் அந்தக் கருவியின் பெருமை. அதைவிடப் பெரியது, தன் பிழையைப் பிட்சர் தானே கண்டுகொள்கிறார் என்பது. செய்ன் "இப்படிச் செய்" என்று கட்டளையிட வேண்டிய அவசியமே அங்கே எழவில்லை.

இனி எண்களைப் பார்ப்போம். வைட்டி ஃபோர்ட் ஒப்பற்ற பிட்சர். ஆனாலும் 1961க்கு முன் ஒரு பருவத்திலும் இருபது வெற்றிகளை அவர் எட்டியதில்லை. அந்த ஆண்டு அவர் ஆடிய நியூயார்க் யாங்கீஸ் அணிக்குச் செய்ன் வந்தார். ரால்ஃப் ஹௌக் மேனேஜரானார், அதாவது ஆட்டத்தில் அணியை நடத்துபவரானார். ஃபோர்டை நான்கு நாளுக்கு ஒருமுறை எறியவைத்தார்கள். 25 வெற்றி, 4 தோல்வி. மினசோட்டாவில் 1965இல் மட்கேட் கிரான்ட் 21, மறு ஆண்டு ஜிம் காட் 25. டெட்ராய்ட்டில் 1968இல் டென்னி மெக்லெய்ன் 31; 1934க்குப் பிறகு முப்பதை எட்டியவர் அவர் ஒருவரே, அதன் பிறகு இன்றுவரை எவரும் எட்டவில்லை. சிகாகோ வைட் சாக்ஸில், ஆட்டத்தின் பிற்பகுதியில் மட்டும் இறங்கிக்கொண்டிருந்த வில்பர் வுட் (ஏறக்குறைய சுழலாமல் மெதுவாகப் போகும் நக்கிள் பாலை எறிபவர்), 1971இல் தொடக்கப் பிட்சராக மாறி 22 வெற்றிகள் பெற்றார். வெற்றிக் கணக்கு அணியின் மட்டை பலத்தையும் சார்ந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான்கு ஊர்களில், ஐந்து விதமான கைகளில் ஒரே விளைவு மீண்டும் மீண்டும் வந்தால், அவர் தற்செயலாக அங்கே இருந்தார் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

அப்படியிருந்தும் ஏன் அனுப்பினார்கள்? அந்தக் காலத்தில் பிட்சர்களைப் புல்வெளியில் ஓடவிடுவதே பயிற்சி. ஓடாத பிட்சர் சோம்பேறி. செய்ன் அதை ஏற்கவில்லை. கையை வலுவாக்குவது எறிதல்தான், ஓட்டமன்று என்பது அவர் முடிவு. ஆட்டத்துக்கு மறுநாளும் மெதுவாக எறியச் சொன்னார். இதைக்கூட மேனேஜர்கள் பொறுத்திருக்கலாம். பிட்சர்களுக்குத் தான்தான் பொறுப்பு, வேறெவரும் குறுக்கிடக்கூடாது என்று அவர் நின்றதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. சம்பளம் பேசும்போது தங்கள் மதிப்பைத் துணிந்து கேட்கவும் அவர் பிட்சர்களைத் தூண்டினார். அது பட்டு அறிந்த பாடம்: 1948இல் பாஸ்டன் நிர்வாகம் ஜானி ஆன்டனெல்லி என்ற பதினெட்டு வயது இளைஞருக்கு 50,000 டாலருக்கும் மேல் கையெழுத்துப் பணம் கொடுத்தபோது, அணியைத் தாங்கிக்கொண்டிருந்த செய்ன், விலகிவிடுவதாகச் சொல்லித்தான் தன் ஒப்பந்தத்தைத் திருத்தி வாங்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்டவரை எந்த நிர்வாகம் நெடுநாள் வைத்துக்கொள்ளும்? டெட்ராய்ட்டில் வேர்ல்ட் சீரிஸ் வென்ற மறு ஆண்டே, பருவம் முடியும் முன்பே, 1969 ஆகஸ்டில் வெளியேற்றினார்கள். சிகாகோவில் ஐந்து ஆண்டுகள் நீடித்ததற்கு ஒரே காரணம், மேனேஜர் சக் டானர் பிட்சர்களை முழுமையாக அவரிடம் ஒப்படைத்ததுதான்.

அவர் முறையில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு; அதை மறைக்க விரும்பவில்லை. வுட் 1972இல் 49 ஆட்டங்களைத் தொடங்கி 376 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார் (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்). நக்கிள் பால் கையை வதைக்காது என்பதால் அவருக்கு அது பொருந்தியது. மெக்லெய்ன் 1968, 1969 இரண்டு பருவங்களிலும் முந்நூறு இன்னிங்ஸைத் தாண்டினார். 1972க்குப் பிறகு அவர் பெரிய லீகில் இல்லை. அவருடைய வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் இருந்தன, ஆயினும் அந்தச் சுமையைக் கணக்கில் சேர்க்காமல் செய்னை மதிப்பிடுவது நேர்மையாகாது.

மினசோட்டா 1966இன் முடிவில் செய்னை நீக்கியபோது, அந்தப் பருவத்தில் 25 வெற்றிகள் பெற்றிருந்த காட், அந்த முடிவைக் கண்டித்து ரசிகர்களுக்குப் பத்திரிகையில் பகிரங்கக் கடிதம் எழுதினார். தன் சம்பளம் யார் கையில் இருந்ததோ அவர்களுக்கு எதிராக எழுதிய கடிதம் அது. ஏழாண்டு கழித்து, 34 வயதில், அதே மினசோட்டா அவரைக் கைவிட்டது. 1973 ஆகஸ்டில் அவரை எடுத்துக்கொண்ட அணி சிகாகோ. அங்கே செய்ன் இருந்தார். 1974இல் 21 வெற்றிகள், 1975இல் 20. ஒரே மனிதரை, எட்டாண்டு இடைவெளியில், இரண்டு ஊர்களில் செய்ன் தூக்கி நிறுத்தினார். உங்கள் கேள்விக்கு இதைவிட வலுவான சான்று என்னிடம் இல்லை.

காட் 2022இல் பேஸ்பாலின் புகழ் மண்டபமான கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். செய்ன் 2006 நவம்பரில் காலமாகியிருந்தார். ஆட்டக்காரர், மேனேஜர், நடுவர், நிர்வாகி என்று அந்த மண்டபத்தில் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. பயிற்சியாளருக்கென்று ஒரு பிரிவு இன்னும் ஏற்படவில்லை.

அன்புடன்.