பாதி வரைந்த ஓவியத்தை விமர்சனக் குழுவில் காட்டலாமா?

காட்டுங்கள். "முடியாத படத்தைக் கொண்டுபோனால் ஆளுக்கொன்று சொல்லிக் குழப்பிவிடுவார்களோ" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்த கன்வஸ் ஒன்று இருக்கிறது என்றே நினைக்கிறேன். என்னிடம் இருந்தது.

நான் போகும் குழு பம்பலப்பிட்டியில் ஒருவரின் வீட்டு விறாந்தையில் மாதம் ஒருமுறை கூடுகிறது. எட்டு ஒன்பது பேர். பேச்சு பெரும்பாலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். முதல் இரண்டு ஆண்டுகள் சட்டம் போட்ட படங்களை மட்டுமே கொண்டுபோனேன். "நல்லது" என்றார்கள், தேநீர் குடித்தோம், திரும்பினேன். சட்டம் போட்ட படத்தைப் பற்றி யார்தான் என்ன சொல்வார்?

பிறகு பெரியம்மாவின் படத்தைத் தொடங்கினேன். 1996இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸில் இருந்தவர். ரயில் தண்டவாளத்தைக் கடந்து, கடலோரக் கற்களில் தனியே உட்கார்ந்திருப்பார். அவரைப் பின்னாலிருந்து வரைந்தேன். செம்மஞ்சள் வானம், முதுகில் வெளுத்த சேலை, அதில் நல்ல வெயில். அந்தச் சேலை மடிப்புகளுக்கு மட்டும் மூன்று வாரம் சென்றது. ஏதோ ஒன்று பொருந்தவில்லை, என்னவென்று தெரியவில்லை. அதனால்தான் ஈரம் காயாமலே தூக்கிக்கொண்டு போனேன்.

ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியை ஒருவர் வருவார். எல்லோரும் மிஸ் என்போம். படத்துக்கு மிக அருகே வந்து, "வெயில் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார். எனக்கு வாயடைத்துவிட்டது. கொழும்பில் கடல் மேற்கே. மாலைச் சூரியன் கடலுக்கு மேல் நின்றால், கடலைப் பார்த்திருப்பவரின் முகத்தில்தான் வெளிச்சம் விழும்; நமக்குத் தெரியும் முதுகு இருட்டாக இருக்க வேண்டும். "முதுகை இருட்டாக்குங்கள்" என்றார் மிஸ். மற்றவர்களும் தலையசைத்தார்கள்.

அன்றிரவு கத்தியை எடுத்தேன், சுரண்ட மனம் வரவில்லை. முதுகில் வெயிலோடுதான் அவரைப் பார்த்திருக்கிறேன். யோசித்துக்கொண்டே இருந்தபோதுதான் பிடிபட்டது: பெரியம்மா மாலையில் போனதே இல்லை. ஒரே அறையில் ஆறு பேர். நாங்கள் வேலைக்கும் பள்ளிக்கும் அடிபட்டுக் கிளம்பும் காலையில்தான் அவர் வெளியே போய்விடுவார். கூரைகளுக்கு மேலால் வரும் எட்டு மணி வெயில் அது. அந்தச் செம்மஞ்சள் வானம் நாட்காட்டிப் படங்களைப் பார்த்துப் பழகிய என் கை போட்டது. சுரண்டியது வானத்தை, சேலையைத் தொடவில்லை.

குழுவில் பிழை இருக்கும் இடத்தைச் சரியாகத் தொடுவார்கள், ஆனால் அதற்கு மருந்து உங்களிடம்தான் இருக்கும். சொன்னதையெல்லாம் கேட்டு ஆட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படி வாசித்துவிட்டுச் சண்டைக்கு வராதீர்கள். கலைஞன் தனியேதான் வளர வேண்டும் என்பவர்கள் கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் நிலையத்துக்கு ஒருமுறை போகலாம். ஓவியர் ஹரி பீரிஸின் வீடு அது. 1943இல் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டைச் சுற்றிச் சேர்ந்த நவீன ஓவியர்களான 43 குழுவினரின் படங்கள் அங்கே இருக்கின்றன. அவர்களில் ஜோர்ஜ் கீற்றையும் ஜஸ்டின் தரணியகலவையும் பாருங்கள். ஒரே குழு என்பதற்காக ஒருவர் கை மற்றவர் கையாகிவிடவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. எங்கள் சனம் ஓவியனைத் தேடி வருவது செத்தவீட்டுக்குப் பிறகுதான். முப்பத்தோராம் நாள் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவு நூலின் அட்டைக்கு ஒரு படம், அதுவும் நாளைக்கே, அதுவும் சும்மா. அச்சகத்துக்குக் காசு, சாப்பாட்டுக்குக் காசு, "நீங்கள் கீறுவீர்கள்தானே" என்பதற்கு மட்டும் காசில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஒரு எண்ணெய் வர்ணக் குழாய் விற்கும் விலை அவர்களுக்குத் தெரியுமா? அவர்களில் ஒருவர்கூட என் படம் ஒன்றின் முன் இரண்டு நிமிடம் நின்றதில்லை. எனக்கு மொழி முழுதாகப் பிடிபடாத அந்த விறாந்தையில் குழுவினர் நிற்கிறார்கள்.

நீங்கள் போகும்போது, டேர்பன்டைனில் கரைத்த மெல்லிய பூச்சோடு படம் இருக்கும் நிலையிலேயே கொண்டுபோங்கள். தடித்த எண்ணெய்ப் பூச்சு ஏறிய பின் அதன்மேல் மெல்லியதாகத் திருத்தினால் நாளடைவில் வெடிக்கும். உங்களை உறுத்தும் ஒரு கேள்வியை மனதில் வைத்திருங்கள், ஆனால் அவர்கள் பார்த்து முடிக்கும்வரை வாய் திறக்காதீர்கள்.

அடுத்த மாதம் அதே படத்தைச் சாம்பல் நீல வானத்தோடு கொண்டுபோனேன். மிஸ் வெகுநேரம் நின்றார். முதுகை ஏன் இருட்டாக்கவில்லை என்று கேட்கவில்லை. "இவர் யார்?" என்று கேட்டார்.