பொத்துவில் கரைக்கு ஒரு தோள்பை போதும்

மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மவுசாக்கலை நீர்த்தேக்கக் கரையில் பத்து வருடமாகத் தூண்டில் போடுகிறேன். போன ஓகஸ்டில் முதல்முறையாகப் பொத்துவில் கடற்கரைக்குப் போனேன். 13 அடித் தடி, அதை நட்டுவைக்க இரும்புக் குழாய், பெட்டி, வாளி, மடக்குக் கதிரை எல்லாவற்றையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், இறக்கிவைத்த இடத்திலேயே இரண்டு நாளும் உட்கார்ந்துவிட்டேன். கிடைத்தது இரண்டு கெளுத்தி. இந்த முறை கரையோரமாக நடந்து போட்டுப் பார்க்க நினைக்கிறேன். எதைக் கொண்டுபோவது, எதை வீட்டில் விடுவது?"

நடக்க வேண்டும் என்று முடிவெடுத்தீர்களே, அதுதான் பாதி விடை. நீர்த்தேக்கத்தில் ஒரே இடத்தில் இரை போட்டுக் காத்திருந்தால் மீன் சுற்றி வந்து சேரும். அலைக்கரையில் அப்படியில்லை. ஒரு கிலோமீற்றர் மணலில் மீன் நிற்கக்கூடிய இடம் மூன்றோ நான்கோதான் இருக்கும். மற்ற இடமெல்லாம் வெறும் தண்ணீர். போன முறை நீங்கள் உட்கார்ந்தது அப்படிப்பட்ட இடமாக இருந்திருக்கும். இடம் மாறலாம் என்று மனம் சொன்னாலும் பெட்டியும் கதிரையும் விட்டிருக்காது.

அந்த மூன்று நான்கு இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? பைக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதே இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. தண்ணீரில் இறங்குவதற்கு முன் மணல் மேட்டில் ஏறிப் பத்து நிமிடம் சும்மா பாருங்கள். அலை உடைந்து வெள்ளையாக நுரைக்கிற இடத்தில் அடியில் மணல் திட்டு இருக்கிறது, ஆழம் குறைவு. உடைந்த அலை கரைக்கு வரும் வழியில் சட்டென்று அடங்கிப் பச்சையாகத் தெரிந்தால் அங்கே ஒரு பள்ளம். கரைக்கு இணையாக ஓடும் அந்தப் பள்ளம்தான் மீன் போகிற பாதை. அலை கிளறிவிடும் நண்டும் புழுவும் அதில்தான் வந்து விழும். பல இடங்களில் அது கரையிலிருந்து 15, 20 மீற்றர்தான் இருக்கும். முழங்கால் தண்ணீரில் நின்று 80 மீற்றர் எறிகிறவர்கள், மீன் நிற்கும் பள்ளத்தைத் தாண்டித்தான் எறிந்துகொண்டிருக்கிறார்கள். அதனால் முதல் எறி எப்போதும் கிட்டத்தில் விழட்டும்.

எறிதூரம் இவ்வளவுதான் என்றால் 13 அடித் தடி எதற்கு? 9 அடி போதும், மிஞ்சினால் 10. மூன்று துண்டாகக் கழற்றக்கூடியதாக இருந்தால் ஒரு துண்டு மூன்றடிதான் வரும். அதை ஒரு பீவீசி குழாய்க்குள் செருகி இரண்டு பக்கமும் மூடி போட்டுவிட்டால், ஹட்டனிலிருந்து நுவரெலியா, வெலிமடை, வெல்லவாய, மொனராகலை என்று எத்தனை பஸ் மாறினாலும் தடிக்கு ஒன்றும் ஆகாது. ரீல் 4000 அளவு. அதில் 20 இறாத்தல் பின்னல் நூல் 200 மீற்றர், நுனியில் 30 இறாத்தல் தங்கூசி ஒரு பாகம், அதாவது ஆறடி. பின்னல் நூல் மெல்லியது, அலையின் இழுவை அதில் குறைவாகத்தான் பிடிக்கும், சின்ன ரீலிலும் நிறையச் சுற்றலாம். எறியும்போது விரலை அறுக்கும் என்பதால் ஆட்காட்டி விரலில் ஒரு பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளுங்கள்.

எடையைக் கூட்டுவது ஈயம்தான். கடல் என்றதும் 120, 150 கிராம் ஈயமாக அள்ளிக்கொண்டு போகிறோம். ஒரே இடத்தில் இரையை நங்கூரம்போல் நிறுத்த நினைப்பவருக்கு அது தேவை. நடப்பவருக்கு 30 முதல் 45 கிராம் உருண்டை ஈயம் ஆறு போதும். இலேசான ஈயம் அடியில் மெல்ல உருண்டு, நீரோட்டம் எங்கே இரையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதோ அங்கேயே உங்கள் தூண்டிலையும் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஓட்டம் பலமாகி ஈயம் நிற்காமல் கரைக்கே வந்துவிடுகிறதா? ஈயத்தைக் கூட்டாதீர்கள், அடுத்த பள்ளத்துக்கு நடங்கள்.

கட்டு இப்படி: நூலை ஈயத்தின் துளைக்குள் விட்டு, ஒரு மணி கோர்த்து, நூல் முறுக்காமல் சுழலும் சுவிவல் வளையத்தில் முடியுங்கள். சுவிவலின் மறுபக்கம் ஒன்றரை அடித் தங்கூசி, அதன் நுனியில் தூண்டில் முள். மீன் இழுக்கும்போது நூல் ஈயத்துக்குள் ஓடுமே தவிர ஈயத்தின் கனம் அதற்குத் தெரியாது. அலைக்கு நடுவே ஈரக் கையோடு முடிச்சுப் போடுவது பெரும்பாடு. அதனால் இப்படி எட்டுப் பத்துக் கட்டுகளை வீட்டிலேயே முடிந்துவிடுங்கள். பழைய ரப்பர் செருப்பின் அடியை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, அதில் ஒவ்வொன்றாகச் சுற்றி, முள்ளின் நுனியை ரப்பருக்குள் குத்தி வைப்பேன். ரெஜிபோமிலும் செய்யலாம், ஆனால் அது நொறுங்கிக் கடற்கரையெல்லாம் பறக்கும். ரப்பர் துண்டு சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். உங்கள் பெரிய பெட்டியின் வேலையில் பாதியை அது பார்த்துவிடும்.

மீதிப் பாதிக்கு ஒரு சின்ன டப்பா. 30 கிராம் அளவில் பளபளக்கும் உலோக லூர், அதாவது போலி இரை, மூன்று; சுவிவலும் மணியும் கொஞ்சம். பாரையும் சீலாவும் கரைக்கு வருகிற விடியற்காலையில் லூர். வெயில் ஏறியபின் இறால் துண்டோ கணவாய்க் கீற்றோ போட்டால் கிழங்கான், விளைமீன் கிடைக்கலாம். இரையைக் கிலோக்கணக்கில் வாங்காதீர்கள். ஒரு கைப்பிடி போதும், மூடியுள்ள டப்பாவில் போட்டு இடுப்பில் தொங்கவிடுங்கள்.

பையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நம் மலையில் கொழுந்து எடுப்பவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். கூடையின் கயிறு தலையில், கூடை முதுகில், இடுப்பில் இறுக்கிக் கட்டிய படங்கு. சரிவில் கால் மாற்றி நிற்க வேண்டும், இரண்டு கையும் வேலை செய்ய வேண்டும். அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. கரையில் நடப்பவருக்கும் இதே கணக்குத்தான். இரண்டு கையும் தடிக்கு. மற்றதெல்லாம் முதுகோடு ஒட்டி, இடுப்புக்கு மேலே இருக்க வேண்டும். ஒரு பக்கத் தோளில் ஆடும் பை, குனியும்போதெல்லாம் முன்னால் வந்து தண்ணீரில் விழும். என் பழைய கைத்தொலைபேசி போனது அப்படித்தான்.

பையின் கனத்தில் பெரும்பங்கு தண்ணீராக இருக்கட்டும். ஆளுக்கு இரண்டு லீற்றர், அதாவது இரண்டு கிலோ. இதில் மட்டும் சிக்கனம் கூடாது. குளிரில் வளர்ந்த நமக்குக் கடற்கரை வெயிலின் கணக்குத் தெரிவதில்லை. காற்று வீசுவதால் சுடுவதும் தெரியாது, இரவில்தான் முதுகு எரியும். முழுக்கைச் சட்டை, விளிம்புள்ள தொப்பி, கழுத்தில் நனைத்துப் போட ஒரு துவாய். பஸ்ஸுக்குக் கொண்டுவந்த ஸ்வெட்டர் தங்கும் அறையிலேயே இருக்கட்டும். காலுக்குப் பழைய கன்வஸ் சப்பாத்து. செருப்பைச் சேற்றிலும் அலையிலும் கடல் பிடுங்கிக்கொள்ளும்.

நீண்ட மூக்குள்ள குறடு ஒன்று கட்டாயம். கெளுத்தியின் முதுகில் ஒரு முள், செவுளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முள், மூன்றிலும் விஷம். கையால் பிடித்துக் கழற்றப் போய் நான் ஒரு மாலை முழுக்கத் துடித்திருக்கிறேன். குறட்டால் முடியாவிட்டால் நூலை வெட்டி விடுங்கள், போவது ஒரு தூண்டில்தான். குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூடுள்ள தண்ணீரில், 45 பாகையைத் தாண்டாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். சூட்டைக் குத்துப்படாத கையால் பார்த்துக்கொள்ளுங்கள், குத்துப்பட்ட கைக்கு உணர்வு சரியாக இராது. பிளாஸ்கில் சுடுதண்ணீர் கொண்டுபோவது தேநீருக்கு மட்டுமல்ல. அப்புறம் வைத்தியசாலைக்குப் போங்கள், முள் முறிந்து உள்ளே இருக்கலாம்.

ஓகஸ்ட் நல்ல காலம். தென்மேற்குப் பருவக்காற்று நம் மலையில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கில் வறண்ட கச்சான் காற்றாக இறங்கும். காலையில் காற்று முதுகுப் பக்கமிருந்து வந்தால் சின்ன ஈயமும் தூரம் போகும். பகல் ஏறினால் கடல்காற்று முகத்தில் அடிக்கும், அப்போது ஓய்வெடுங்கள். பொங்கல் விடுமுறைக்கு இதே கரையை நம்பிப் போகாதீர்கள், வாடைக் காலத்தில் அங்கே கடல் குமுறிக்கொண்டிருக்கும்.

பாணமை, உகந்தைப் பக்கம் நடக்க ஆசை வரும். விடிந்தபின் போங்கள், தனியாகப் போகாதீர்கள். அது யானை நடமாடும் பக்கம். களப்பு கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மீன் கூடும், முதலையும் இருக்கும். அங்கே தண்ணீருக்குள் காலை வைக்காமல் கரையில் தள்ளி நின்றே எறியுங்கள். எந்தக் கரையிலும் அலை உடையாமல் கறுப்பாகத் தெரிந்து, நுரை கடலை நோக்கிப் போகும் இடைவெளி இழுவை நீரோட்டம். அதன் ஓரத்தில் மீன் இருக்கும், மணலில் நின்று போடலாம், இறங்கக் கூடாது.

கரைவலைக்காரர் வாடி தெரிந்தால் முதலில் அங்கே போங்கள். "காக்கா, இந்தப் பக்கம் தூண்டில் போடலாமா? வலை எப்ப இழுப்பீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அவர்கள் வலை வளைக்கும் இடமான பாட்டை மறிக்காமல் இருக்கலாம், எங்கே மீன் கூடுகிறது என்ற தகவலும் பெரும்பாலும் கிடைக்கும். அறுந்த தங்கூசியை மட்டும் மணலில் விட்டு வராதீர்கள், முட்டையிட வரும் ஆமையின் காலில் சுற்றும்.

வாளிக்குப் பதில் ஒரு சுத்தமான உரப்பை. மீனைப் பிடித்த உடனே இரத்தத்தை வடித்து, குடலை எடுத்து, நனைத்த பைக்குள் போட்டு நிழலில் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸுக்குப் போக வேண்டும். ஐஸ் பெட்டி அறையில் இருக்கட்டும். மலைக்குக் கொண்டுவர சூரை, கும்பளா வாங்கினால் இன்னும் கவனம். அவை வெயிலில் கிடந்தால் உண்டாகும் நஞ்சு சமைத்தாலும் போகாது.

திரும்பியதும் ரீலையும் லூரையும் நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவி, நன்றாக உலர்த்தி வையுங்கள். உப்போடு வைத்தால் மஸ்கெலியா ஈரத்தில் ஒரே வாரத்தில் துரு பிடிக்கும்.

அந்த 13 அடித் தடியை விற்றுவிடாதீர்கள். மவுசாக்கலையில் தண்ணீர் வற்றி, மூழ்கிய பழைய கோயில்கள் வெளியே தெரியும் காலத்தில் கரை சேறாகி, கிட்டப் போக முடியாமல் ஆகிவிடும். அப்போது தூரத்தில் ஆழத்தில் நிற்கும் கார்ப் மீனுக்கு எறிய அந்த நீளம் உதவும்.