நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?

கேள்வி: எனக்கு வயது 29. முதல் கர்ப்பமே இரட்டைக் கர்ப்பம். 12-ஆவது வார ஸ்கேன் அறிக்கையில் ‘டி.சி.டி.ஏ. இரட்டையர், லாம்டா அடையாளம் தெரிகிறது’ என்று எழுதியிருந்தார்கள். 20-ஆவது வார அறிக்கையிலோ நஞ்சுக்கொடி ஒரே தொகுதியாகத் தெரிவதாகவும் இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே பாலினம் போலத் தோன்றுவதாகவும் இருக்கிறது. நஞ்சு ஒன்றானால் இருவரும் அச்சு அசலாக ஒரே சாயலில் பிறப்பார்கள் என்று என் மாமியார் மகிழ்கிறார். அப்படியானால் ஆபத்தும் அதிகம் என்று எங்கோ படித்த நான் தூக்கமின்றி இருக்கிறேன். எந்த அறிக்கையை நம்புவது?

பதில்: நஞ்சுக்கொடியின் வகையைப் பொறுத்தவரை முதல் அறிக்கையையே நம்புங்கள். அதிலுள்ள ‘டி.சி.டி.ஏ.’ என்பதற்கு, ஒவ்வொரு குழந்தைக்கும் தனி நஞ்சுக்கொடி, தனிப் பனிக்குடம் என்று பொருள். இரண்டாவது அறிக்கையிலும் தவறில்லை; அது சொல்வது வேறொரு விஷயம்.

இரண்டு நஞ்சுக்கொடிகள் கர்ப்பப்பையில் அருகருகே ஒட்டி வளர்ந்தால், நாளடைவில் அவற்றின் விளிம்புகள் நெருங்கி ஒரே தட்டு போலக் காட்சியளிக்கும். பார்வைக்கு ஒன்றாகிவிட்டாலும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனி ரத்த ஓட்டமே இருக்கும். ஆகவே, நஞ்சுக்கொடிகளை எண்ணிப் பார்ப்பதைவிட, குழந்தைகளுக்கு நடுவிலுள்ள தடுப்புச் சவ்வு நஞ்சுக்கொடியைச் சந்திக்கும் இடத்தைப் பார்ப்பதே சரியான வழி. தனித்தனி நஞ்சுக்கொடி என்றால் அந்தச் சவ்வு நான்கு அடுக்குகளுடன் தடிப்பாக இருக்கும்; அது தொடங்கும் இடத்தில் அடுக்குகளுக்கு இடையே நஞ்சுத் திசு ஆப்பு வைத்ததுபோல நுழைந்து, கிரேக்க எழுத்தான லாம்டாவின் வடிவைக் காட்டும். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டையருக்கு இரண்டே அடுக்குகள் கொண்ட மெல்லிய சவ்வு, ஆங்கில ‘T’ எழுத்தைப் போல நேராகச் சென்று சேரும். இந்த வேறுபாடு 11 முதல் 14 வாரங்களுக்குள்தான் தெளிவாகத் தெரியும். பின்னர் லாம்டா மங்கி மறைந்தும் போகலாம் என்பதால், 12-ஆவது வார அறிக்கையைப் பத்திரப்படுத்தி, மருத்துவரை மாற்ற நேர்ந்தாலும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

உங்கள் மாமியாரின் மகிழ்ச்சிக்கும் உங்கள் அச்சத்துக்கும் வேர் ஒன்றுதான்: ‘ஒரே நஞ்சு’, ‘ஒரே சாயல்’ என்ற இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வது. இரண்டு முட்டைகள் தனித்தனியே கருவுற்றால் அநேகமாக எப்போதும் இரண்டு நஞ்சுக்கொடிகள்தாம். ஆனால், ஒரே முட்டையிலிருந்து உருவாகும் கருவும் முதல் மூன்று நாட்களுக்குள் இரண்டாகப் பிரிந்துவிட்டால், இரண்டு நஞ்சுக்கொடிகளும் இரண்டு பனிக்குடங்களும் அமையும். நான்காம் நாளிலிருந்து எட்டாம் நாள் வரையிலான பிரிவில் நஞ்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் இரண்டு. அதன் பிறகு பிரிந்தால் பனிக்குடமும் ஒன்றே, அது அரிது. ஆக, இரண்டு நஞ்சுக்கொடிகளும் ஒரே பாலினமும் உள்ள உங்கள் குழந்தைகள் ஒரே சாயலில் இருக்கவும் கூடும், இல்லாமலும் போகலாம். பிறந்த பின் மரபணுப் பரிசோதனை செய்தால் உறுதியாகத் தெரியும். அதுவரை உங்கள் மாமியாரின் ஆசையைக் கெடுக்க வேண்டாமே! உங்கள் அச்சத்தை மட்டும் கைவிடலாம். ஆபத்தைக் கூட்டுவது பகிர்ந்துகொள்ளும் நஞ்சுக்கொடியே தவிர, சாயல் ஒற்றுமை அல்ல.

கேள்வி: எனக்கு ‘எம்.சி.டி.ஏ. இரட்டையர்’ என்று 13-ஆவது வாரத்தில் சொன்னார்கள். 16-ஆவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வரச் சொல்கிறார்கள். இத்தனை ஸ்கேன் தேவைதானா? குழந்தைகளைக் கதிர்வீச்சு பாதிக்காதா?

பதில்: இந்த ஸ்கேன் ஒலி அலைகளைக் கொண்டு செய்யப்படுவது, எக்ஸ்-ரேயில் உள்ளதைப் போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை. உங்களைப் பொறுத்தவரை இந்த இடைவெளி கட்டாயம் தேவை.

‘எம்.சி.டி.ஏ.’ என்றால், உங்கள் குழந்தைகளுக்குப் பனிக்குடம் தனித்தனி, நஞ்சுக்கொடி ஒன்று. அந்த ஒரே நஞ்சுக்கொடிக்குள் இருவரின் ரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். கொடுக்கல் வாங்கல் சமமாக நடக்கும்வரை சிக்கல் இல்லை. பெரும்பாலோருக்கு அப்படித்தான் நடக்கிறது. ஆனால் 100 பேரில் ஏறத்தாழ 10 முதல் 15 பேருக்கு, ஒரு குழந்தையிடமிருந்து மற்றொன்றுக்கு ரத்தம் ஒருவழியாகப் பாயத் தொடங்கும். கொடுக்கும் குழந்தைக்குச் சிறுநீர் குறைந்து பனிக்குட நீர் வற்றும். பெறும் குழந்தைக்கோ நீர் பெருகி, இதயத்தின் சுமை கூடும். தாய்க்கு எந்த அறிகுறியும் தெரியாமலே இது ஆரம்பித்துவிடலாம் என்பதால்தான், ஒவ்வொரு ஸ்கேனிலும் இரு பனிக்குடங்களின் நீரையும் குழந்தைகளின் சிறுநீர்ப்பைகளையும் பார்க்கிறார்கள். உரிய நேரத்தில் கண்டறிந்தால், இணைந்த குழாய்களை லேசர் கொண்டு அடைக்கும் சிகிச்சை உண்டு.

நஞ்சுக்கொடியைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளாததால் ஒரு குழந்தையின் வளர்ச்சி மட்டும் பின்தங்குவதும் இந்த வகையில் நேரக்கூடியதே. எடை வித்தியாசத்தைக் கணிப்பது அதற்காகத்தான். வேறு சிக்கல் இல்லையென்றால் பொதுவாக 36-ஆவது வாரத்தையொட்டிப் பிரசவத்தைத் திட்டமிடுவார்கள். இடையில் சில நாட்களுக்குள் வயிறு திடீரெனப் பெருத்து இறுகினாலோ, மூச்சு வாங்கினாலோ அடுத்த ஸ்கேன் தேதிவரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.