சொந்தக் காசில் யூடியூப் தொடர் எடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா? எப்படித் தொடங்கியது, ஏன் நின்றது?

உண்டு. மொத்தம் பதினொரு எபிசோட். 2018 சித்திரையில் தொடங்கினோம், 2022 தையில் நின்றுபோனது. பேரைச் சொன்னால் தேடிப்போய்ப் பார்ப்பீர்கள். முதல் மூன்று எபிசோடின் ஆடியோவை எதிரிக்குக்கூடப் போட்டுக்காட்ட மனசு வராது. அதனால் பேர் வேண்டாம்.

எங்கள் ஊர் கோவை, திருப்பூர் பக்கம், சோமனூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில் இருக்கிறது. அந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், ஊரே கரண்டில் ஓடும் விசைத்தறிதான். வீதிக்கு நாலு தறிக்குடோன், இரவும் பகலும் ஷிப்ட். பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு எங்கள் காதுக்கு அது சத்தமாகவே படாது. நடுராத்திரி தறி நின்றால்தான் தூக்கம் கலையும். முதல் எபிசோடை எடுத்து வந்து கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டபோதுதான் விஷயமே புரிந்தது. பெரியம்மா வாயசைக்கிறார், ஸ்பீக்கரில் டக்கு டக்கு டக்கு என்று தறி நாடா ஓடுகிறது. கல்யாண போட்டோ எடுக்கும் ஸ்டுடியோ அண்ணனிடம் இரவல் வாங்கிய கேனான் கேமரா, ஆன்லைனில் வாங்கிய போயா காலர் மைக், இவ்வளவுதான் எங்கள் சாமான். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. சத்தத்தை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. டப்பிங் பேசிப் பார்த்தோம். பெரியம்மாவுக்குத் தன் உதட்டோடு தானே ஒத்துப் பேச வரவில்லை. "நான் பேசுனதையே நான் மறுபடி பேசோணுமா? போ சாமி, அடுப்புல சோறு கெடக்குது" என்று எழுந்து போய்விட்டார்.

வழி சொன்னது என் மச்சான். டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், "மாப்ள, வியாழக்கெழம கரண்ட் இல்லையாமா" என்றார். மாதாந்திரப் பராமரிப்புப் பணி, காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை, இந்தெந்த ஊர்கள் என்று பேப்பரில் மூலையில் ஒரு பெட்டிச் செய்தி வருமே, அதுதான். அன்றிலிருந்து எங்கள் ஷூட்டிங் தேதியை மின்வாரியம்தான் முடிவு செய்தது. மாசத்துக்கு ஒரு நாள், ஏழு மணி நேரம். மழை வந்தாலும், ஒறம்பரை (விருந்தாளி) வந்தாலும், நடிக்கிறவருக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்த மாசம் அவ்வளவுதான். சில மாசம் பேப்பரில் எங்கள் ஊர் பேரே வராது. நாலு வருசத்தில் பதினொன்றுதானா என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

அந்த ஒன்பது மணியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கரண்ட் போனதும் எல்லாத் தறியும் ஒரேயடியாக நிற்காது. தேய்ந்து தேய்ந்து ஒவ்வொன்றாக நாலு அடி அடித்துவிட்டு ஓயும். கடைசித் தறி நின்றதும் முதலில் கேட்பது காக்கா. அப்புறம் யார் வீட்டிலோ குக்கர் விசில். எங்கள் வீதியில் வேப்பமரம் சத்தம் போடும் என்பதே இருபத்தெட்டு வயசில்தான் எனக்குத் தெரிந்தது.

ஜெனரேட்டர் வைத்திருந்த குடோன் ஒன்று மட்டும் தொல்லை. ஓனரிடம் போய் அரை மணி நேரம் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினோம். "நிறுத்தறனுங், எனக்கு என்ன வேசம்?" என்றார். நாலாவது எபிசோடில் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து, கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு பஞ்சாயத்துப் பேசிவிட்டுப் போகிறவர் இவர்தான். நன்றாகத்தான் செய்தார், பொய் சொல்லக்கூடாது.

இந்த மாதிரிச் சொந்தக் காசுத் தொடர்களுக்கு நாங்கள் ஒன்றும் முன்னோடி இல்லை. யூடியூப் 2005-ல்தான் வந்தது. அதற்கு இரண்டு வருசம் முன்பே, 2003 ஏப்ரலில், அமெரிக்காவில் டெக்சாஸ் பசங்கள் சிலர் 'ஹேலோ' என்ற வீடியோ கேமில் வரும் பொம்மைகளை ஆட்டுவித்து, அதன்மேல் வசனம் பேசி, 'ரெட் வெர்சஸ் ப்ளூ' என்று ஒரு தொடரை நெட்டில் விட்டார்கள். கேமராவும் வேண்டாம், லொக்கேஷனும் வேண்டாம். 2006-ல் 'லோன்லிகேர்ள்15' வந்தது. ஒரு பெண் தன் ரூமில் உட்கார்ந்து டைரி மாதிரிப் பேசினாள். நிஜம் என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். மூணு மாசத்தில் அது நடிப்பு என்று வெளியே வந்தது.

எனக்கு மனசுக்கு நெருக்கமானது 'தி கில்ட்'. பெலிசியா டே என்ற நடிகை, ஆன்லைன் கேம் விளையாடும் கூட்டத்தை வைத்து டிவிக்கு என்று எழுதியது டிவிக்குப் போகாமல், 2007 ஜூலையில் நெட்டில் வெளிவந்தது. மூன்று எபிசோட் சொந்தச் செலவு, அதோடு காசு தீர்ந்தது. பேபாலில் பணம் போடுங்கள் என்று பார்ப்பவர்களிடமே கேட்டார்கள். அந்தப் பணத்தில்தான் முதல் சீசன் முடிந்தது. அடுத்த சீசனுக்கு மைக்ரோசாஃப்ட் வந்தது, ஆனால் தொடரின் உரிமையை இவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 2013 வரை ஆறு சீசன் ஓடியது.

இதை மச்சானிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அது மொய் மாப்ள" என்றார்.

ஆமாம், மொய்தான். அஞ்சாவது எபிசோடுக்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, ஊருக்குள் இறங்கினோம். நாற்பத்தி மூன்று பேர் எழுதினார்கள். நூறு, இருநூறு, மளிகைக்கடைக்காரர் ஐநூத்தி ஒண்ணு. எங்கள் அப்பத்தா மட்டும் முந்தானை முடிச்சை அவிழ்த்து இருபது ரூபாய் கொடுத்துவிட்டு, நான் நோட்டில் எழுதுகிறேனா என்று எட்டிப் பார்த்தது. வந்ததில் ஒரு சவுண்ட் ரெக்கார்டரும், கேமராவுக்கு இரண்டு பேட்டரியும் வாங்கினோம். கரண்ட் இல்லாத நாளில் எடுப்பவனுக்குப் பேட்டரிதான் முதல் செலவு.

யூடியூபில் காசு வருமே என்று கேட்கலாம். நாங்கள் தொடங்கிய அதே 2018-ல், பிப்ரவரியிலிருந்து, ரூல் மாறிவிட்டது. ஆயிரம் சப்ஸ்கிரைபர் வேண்டும், பன்னிரண்டு மாசத்துக்குள் 4,000 மணி நேரம் ஜனம் பார்த்திருக்க வேண்டும். 4,000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிஷம். எங்கள் எபிசோட் பதினாலு நிமிஷம். பாதியில் போகிறவர்களைக் கழித்து ஆளுக்கு ஏழு நிமிஷம் என்று வைத்தால் முப்பத்து நாலாயிரம் பேருக்கு மேல் பார்க்க வேண்டும். மாசம் ஒன்றுகூட விட முடியாதவனுக்கு இது மலை. ஏறினோம், ஒன்றரை வருசம் ஆனது. பத்து டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் நம்பரைத் தபாலில் அனுப்புவார்கள். நான் பழைய கதவு எண்ணைக் கொடுத்திருந்தேன், முதல் கடிதம் எங்கே போனதோ. இரண்டாவது கடிதம் வந்த அன்று வீட்டில் அரிசிம்பருப்பு சாதம் போட்டுக் கொண்டாடினோம். நூறு டாலர் சேராமல் கைக்கு வராது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

மாரியம்மன் நோம்பியில் எடுத்த எபிசோட்தான் எங்களுக்கு அதிகம் ஓடியது. அதில் ஒரு பைசா வரவில்லை. கோயில் குழாய் ஸ்பீக்கரில் ஓடிய சினிமாப் பாட்டு நாற்பது செகண்ட் பின்னால் கேட்கிறது என்று யூடியூப் மிஷினே கண்டுபிடித்து, அந்த எபிசோடின் வருமானத்தைப் பாட்டுக்குச் சொந்தக்காரர்கள் பக்கம் திருப்பிவிட்டது. தறிச் சத்தத்துக்குப் பயந்தவர்கள் பாட்டுச் சத்தத்தில் மாட்டினோம்.

பேச்சு வழக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையில் ஷார்ட் ஃபிலிம் எடுக்கும் நண்பர் ஒருவர் எங்கள் ஸ்கிரிப்டைப் படித்துவிட்டு, கொங்குத் தமிழைக் குறைக்கச் சொன்னார், காமெடியாக இருக்கிறதாம். எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. எத்தனையோ வருசமாக சினிமாவில் 'ஏனுங்'கைக் கேட்டதும் சிரிக்கப் பழக்கியிருக்கிறார்களே, அதன்மேல். ஒரு பொம்பளை அடகுக்கடை வாசலில் நின்று "ஊட்டுக்குத் தெரிஞ்சா என்ன பண்றதுங்" என்று கேட்டால் யாரும் சிரிக்கக்கூடாது, அது ஒன்றுதான் எங்கள் ஆசை. பின்னால் கோயம்புத்தூர் நக்கலைட்ஸ் குழு 'அம்முச்சி' எடுத்தபோது இதை எங்களைவிட நூறு மடங்கு நன்றாகச் செய்தார்கள். முதல் பாகம் யூடியூபில் வந்தது, இரண்டாவது 2022-ல் ஆஹா தமிழுக்குப் போனது. அதை இயக்கிய ராஜேஷ்வர் காளிசாமி 2025 ஜனவரியில் 'குடும்பஸ்தன்' படத்தோடு தியேட்டருக்கே வந்துவிட்டார். படம் பார்த்துவிட்டு வெளியே வந்து நானும் மச்சானும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பொறாமைதான், வேறென்ன.

எங்கள் தொடரில் அப்பாவாக நடித்தவர் நிஜமாகவே தறி ஓட்டுகிறவர். சின்ன வயசிலிருந்து குடோனுக்குள்ளேயே இருந்தவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. "ஏனுங்ணா, கொஞ்சம் சத்தத்தைக் கொறைங்க" என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் சொல்லுவேன். ஏழாவது எபிசோடில், மகளின் சங்கிலியை அடகு வைத்ததைத் திண்ணையில் உட்கார்ந்து அவளிடமே சொல்ல வேண்டும். உள்ளே அம்மாவுக்குக் கேட்கக்கூடாது, கிசுகிசுப்பாக என்று சொல்லியிருந்தேன். மூணாவது டேக்கில் மனுசர் அற்புதமாகத் தொடங்கினார். மணி மூணு நாற்பது. நாலு மணிக்கு வர வேண்டிய கரண்ட் அப்போதே வந்துவிட்டது. எதிர்க் குடோனில் முதல் தறி, அப்புறம் அடுத்தது, அப்புறம் வீதி முழுக்க. அவர் நிறுத்தவில்லை. பழக்கம், தறிச் சத்தம் ஏற ஏறக் குரலும் தானாக ஏறியது. கிசுகிசுக்க வேண்டிய சேதியை, கண்ணில் தண்ணீரோடு, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்திச் சொல்லி முடித்தார். மகளாக நடித்த பெண் வசனத்தை மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கட் சொல்லவில்லை. அந்த ஷாட்டில் பாதி வார்த்தை புரியாது, கீழே எழுத்துப் போட்டு அப்படியே விட்டோம்.

2020 ஊரடங்கில் தறியெல்லாம் நின்றது, ஆனால் யாரும் வெளியே வர முடியாது. வீட்டுக்குள்ளேயே ஒன்று எடுத்தோம், சுமார்தான்.

2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிக்காரர்கள் தறியை நிறுத்தினார்கள். எங்கள் பக்கம் பெரும்பாலும் கூலி நெசவு. பாவும் ஊடை நூலும் ஜவுளிக்காரர் கொடுப்பார், நெய்து கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. பேசிய கூலி வரவில்லை என்றுதான் போராட்டம். வாரக்கணக்கில் ஊர் அமைதியாகக் கிடந்தது. நாலு வருசமாக மாசத்துக்கு ஏழு மணி நேரமாக நாங்கள் பொறுக்கிய அமைதி, காலையிலிருந்து ராத்திரி வரை கொட்டிக்கிடந்தது. பன்னிரண்டாவது எபிசோட் ஸ்கிரிப்டும் ரெடி. எடுத்துக்கொண்டு அப்பாவாக நடித்தவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தார். "சத்தமில்லாம இருக்குது, நல்லாத்தான் எடுக்கலாம் கண்ணு. எனக்குத்தான் ராத்திரி தூக்கமே வர மாட்டேங்குது" என்றார். ஸ்கிரிப்டைப் பையிலிருந்து வெளியே எடுக்காமலேயே டீ குடித்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனவர், தறி ஓடத் தொடங்கிய பிறகும் திரும்பவில்லை. வேறு ஆளைப் போட்டு எடுக்கலாம் என்று ஸ்டுடியோ அண்ணன் சொன்னார். எனக்கு ஒப்பவில்லை.

மொய் நோட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. வாங்கிய மொய்யைத் திருப்பி வைக்காமல் இருக்க முடியாது இல்லையா, எழுதியவர்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாவற்றுக்கும் நானும் மச்சானும் மாறி மாறிப் போய் எழுதிக்கொண்டிருக்கிறோம். இருபத்தொன்பது பேருக்கு முடிந்தது, பதினாலு பாக்கி. வருகிற தையில் இரண்டு கல்யாணம் இருக்கிறது.