மூட்டை முடிச்சு: பார்சல் ஆபீஸ்காரர் பதில்கள்

திருச்சி ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் 31 வருஷம் அடுத்தவர் மூட்டையை எடை போட்டவன் நான். ஓய்வுக்குப் பிறகு பெண்ணைப் பார்க்க சிங்கப்பூருக்கும் பையனைப் பார்க்க ஜெர்மனிக்கும் போய் வந்ததில்தான் என் மூட்டையை எடை போடக் கற்றுக்கொண்டேன். வெளிநாட்டுப் பயணத்துக்குச் சிக்கனமாக மூட்டை கட்டுவது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லிப் போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி ஊறுகாயைப் பற்றி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

*மெல்பர்னில் இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். ஜூனில் கிளம்பி ஆறு மாதம் தங்கப் போகிறேன். ‘ஒண்ணும் எடுத்துட்டு வராதேம்மா’ என்கிறாள். பிரசவ மருந்துச் சாமான், வடகம், நார்த்தங்காய், கறிவேப்பிலை, கொப்பரை என்று பட்டியல் போட்டதிலேயே பெட்டி நிரம்பிவிட்டது. எந்தத் துணியைக் குறைக்கலாம்?*
– வாசகி, கும்பகோணம்

அம்மா, துணியில் கை வைக்காதீர்கள். ஜூனில் அங்கே குளிர்காலம். ஸ்வெட்டர், காலுறை, குரங்குக் குல்லாய் எல்லாம் வேண்டும். பட்டியலில் கை வையுங்கள்.

முதலில் கொப்பரை. கவுண்டரில் ஒப்படைக்கும் செக்-இன் பெட்டியில் அதற்குத் தடை. எண்ணெய் அதிகம் உள்ள சரக்கு, தானே சூடேறிப் பற்றிக்கொள்ளக்கூடியது என்று விமானச் சரக்கு விதியில் சேர்த்திருக்கிறார்கள். மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைக்காதீர்கள். சித்திரை மாதத்தில் கொப்பரை மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தவன் நான். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி கதகதவென்று இருக்கும்.

பச்சைக் கறிவேப்பிலையை ஆஸ்திரேலியாவுக்குள் விடமாட்டார்கள். அங்கே பூச்சி பொட்டு வந்துவிடும் என்ற பயம் ரொம்ப அதிகம். மற்ற தின்பண்டம், பொடி, மருந்துச் சாமான் எதுவானாலும் இறங்கும்போது நிரப்பும் அட்டையில் ‘உணவு இருக்கிறதா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று குறித்துவிடுங்கள். சொல்லிவிட்டால் அதிகாரி பிரித்துப் பார்த்து, ஆகாததை மட்டும் எடுத்துப் போட்டுவிடுவார். மனசு வலிக்கும், பணம் போகாது. சொல்லாமல் மாட்டினால் அபராதம் ஆயிரக்கணக்கான டாலர் வரை போகலாம். விசாவை ரத்து செய்யவும் சட்டத்தில் இடம் உண்டு. பேரக்குழந்தையைப் பார்க்காமல் நார்த்தங்காயோடு திரும்பி வரவேண்டாம்.

சுக்கு, திப்பிலி, ஓமம் எல்லாம் வீட்டில் காகிதத்தில் மடித்த பொட்டலமாக இருந்தால் அது என்னவென்று அவர்களுக்கு விளக்கி மாளாது. கடையில் அடைத்து, ஆங்கிலத்தில் பெயர் அச்சிட்ட பாக்கெட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். புளி, பருப்பு, பெருங்காயம் சுமக்கவே வேண்டாம். மெல்பர்னில் டாண்டினாங் பக்கம் நம்மவர் கடைத்தெருவே இருக்கிறது.

உங்கள் பட்டியலில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய நூல் புடவை இரண்டு, வேட்டி ஒன்று. குழந்தையைத் துடைக்கவும் போர்த்தவும் அதற்கு ஈடு எந்த ஊரிலும் விலைக்குக் கிடைக்காது. மூன்றும் சேர்ந்து ஒரு கிலோகூட வராது.

*பத்து நாள் சிங்கப்பூர், மலேசியா சுற்றுலா. 7 கிலோ கைப்பை மட்டும் என்று மலிவு டிக்கெட் எடுத்துவிட்டான் மகன். 7 கிலோவில் ஒரு மனுஷன் பத்து நாள் வாழ முடியுமா சார்?*
– வாசகர், காரைக்குடி

வாழலாம், இரண்டு கிலோ மிச்சமும் பிடிக்கலாம். என்னிடம் 300 ரூபாய்க்கு வாங்கிய தொங்கு தராசு ஒன்று இருக்கிறது. வீட்டில் எதைக் கண்டாலும் அதில் மாட்டிப் பார்ப்பேன். என் சக்கரப் பெட்டி காலியாகவே 2 கிலோ 900 கிராம். 7 கிலோவில் கிட்டத்தட்ட மூன்றைப் பெட்டியே தின்றுவிட்டால் உங்களுக்கு என்ன மிஞ்சும்? கேன்வாஸ் தோள்பை 800 கிராம்தான். சக்கரம் வேண்டும் என்பவர்கள் பத்துக் கிலோவுக்கு மேல் தூக்குகிறவர்கள்.

அடுத்து ஜீன்ஸ் பேண்ட், 700 கிராம். அதே எடையில் டெரிகாட்டன் பேண்ட் இரண்டு வரும். டர்க்கித் துண்டு 550 கிராம். நனைந்தால் கணக்கே வேறு. நம் ஈரிழைத் துண்டு 150. உடுத்தியது போக இரண்டு பேண்ட், நான்கு அரைக்கைச் சட்டை, ஒரு கைலி, இரண்டு துண்டு, உள்ளாடைகள், செருப்பு, சோப்பு சீப்பு, மாத்திரை, சார்ஜர் வகையறா, பை உட்பட எல்லாம் சேர்த்து 5 கிலோ 100 கிராம். தராசு பார்த்துச் சொல்கிறேன்.

நான்கு சட்டை பத்து நாளைக்கு எப்படி என்பீர்கள். ராத்திரி குளிக்கும்போதே சட்டையை அலசி, ஈரிழைத் துண்டை விரித்து அதன்மேல் சட்டையைப் பரப்பி, பாய் சுருட்டுவதுபோல் இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, இரண்டு முனையையும் பிடித்து முறுக்குங்கள். சட்டையின் ஈரம் துண்டுக்குப் போய்விடும். ஏ.சி. அறையில் ஹேங்கரில் மாட்டினால் காலையில் காய்ந்திருக்கும். ஜன்னலைத் திறந்து காய வைக்காதீர்கள். சிங்கப்பூர்க் காற்றே ஈரத் துணிதான்.

தேங்காய் எண்ணெய், ஷாம்பு, ஊறுகாய், தைலம் எல்லாம் கைப்பையில் 100 மில்லிக்கு மிகாத பாட்டிலில்தான் வரவேண்டும். 2006-இல் லண்டனில் திரவ வெடிமருந்துச் சதி பிடிபட்ட பிறகு வந்த விதி இது. சில விமான நிலையங்களில் தளர்த்துகிறார்கள், அதை நம்பிக் கிளம்பாதீர்கள். பாட்டிலின் அளவுதான் கணக்கு. 200 மில்லி பாட்டிலின் அடியில் ஒரு விரற்கடை எண்ணெய் இருந்தாலும் தொட்டிக்குள் போய்விடும். என் மனைவியின் மூலிகை எண்ணெய் அப்படிப் போனது. அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்கவேண்டும், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. 100 வாட்-மணி வரை சாதாரணமாக அனுமதி; 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருப்பது 74 வாட்-மணிதான். இரண்டு நாட்டிலும் பிளக் மூன்று பட்டைக் கால், அதற்கொரு அடாப்டர் போதும். கசகசாவும் சூயிங்கமும் சிங்கப்பூருக்கு வேண்டாம்.

*ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கப் போகிறேன். 23 கிலோ பெட்டி ஒன்று, 8 கிலோ கைப்பை. அம்மா குக்கர், நெய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, ஐந்து கிலோ அரிசி என்று அடுக்குகிறார். அப்பா குளிர்கால கோட்டு இங்கேயே வாங்கு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?*
– மாணவர், மதுரை

குக்கரில் மட்டும் அம்மா பேச்சைக் கேளுங்கள் தம்பி. நெய்யும் பால்கோவாவும் போகாது. வெளியிலிருந்து வருகிறவர்கள் பால் பொருளோ இறைச்சியோ கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் விடுவதில்லை. பால்கோவாவை மதுரை ஏர்போர்ட் வாசலிலேயே வண்டியில் வந்தவர்களுக்குக் கொடுத்துச் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போங்கள். காய்கறி, பழத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள். ஆனால் வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியனுக்கு மட்டும் விலக்கு. தேங்காய்க்கு விலக்குக் கொடுத்த புண்ணியவான் யார் என்று நானும் யோசித்ததுண்டு. அரிசி அங்கே ஆசியக் கடையில் கிடைக்கும்.

குக்கர் மூன்று லிட்டர் போதும், அடிப்பாகம் இண்டக்‌ஷனுக்கு ஆகிறதா என்று காந்தம் ஒட்டிப் பாருங்கள். என் பையன் வெறும் அலுமினியக் குக்கரைக் கொண்டுபோய், அடுப்பு ‘இது பாத்திரமே இல்லை’ என்று கண்ணைச் சிமிட்டியதைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கேஸ்கட் இரண்டும் வெயிட் ஒன்றும் உபரியாக வையுங்கள். குக்கரைக் காலியாக வைக்காதீர்கள். உள்ளே பொடி வகைகளைப் போட்டு, மேலே துணியை அடையுங்கள்.

கோட்டு அங்கே போய் வாங்குங்கள். இங்கே வாங்குவது மூன்று கிலோ பிடிக்கும், குளிரும் தாங்காது. மின்சாரம் நம்முடையது போலவே 230 வோல்ட். போன் சார்ஜரின் இரண்டு உருண்டைக் கால் அப்படியே நுழையும். லேப்டாப்பின் மூன்று கால்தான் நுழையாது. அந்த ஒயரை மட்டும் அங்கே மாற்றிக்கொள்ளலாம். ஒரிஜினல் சான்றிதழ் அத்தனையும் கைப்பையில்.

*கிளம்பும்போதெல்லாம் பக்கத்து வீட்டு மாமி மகனுக்கென்று ஒரு பொட்டலம் கொடுத்துவிடுகிறார். முகத்தை முறிக்காமல் தப்பிப்பது எப்படி?*
– வாசகி, திருநெல்வேலி

என் அனுபவத்தில் பெட்டி கனப்பது நம் சாமானால் இல்லை. ஒரு முறை எங்கள் தெருக்காரர் ‘கொஞ்சம் அதிரசம்’ என்று ஒரு பை கொடுத்தார். அதிரசம் கனக்கும்தான், ஆனால் 3 கிலோ 400 கிராம் எப்படி வரும்? ராத்திரி பதினோரு மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்ட யோசித்து அப்படியே வைத்துவிட்டேன். மறுநாள் எக்ஸ்-ரேயில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். அதிரசத்துக்கு அடியில் பித்தளைக் குத்துவிளக்கு, மூன்று துண்டாகக் கழற்றி. திரையில் அதைப் பார்த்தால் யாரும் பயப்படத்தான் செய்வார்கள்.

பெட்டியை நீங்களே கட்டினீர்களா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்கிறீர்கள். பிறகு உள்ளே என்ன இருந்தாலும் அது உங்களுடையது. துபாய் பக்கம் போகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதை. கசகசா அங்கே போதைப்பொருள் கணக்கு; நம்மூரில் மருத்துவர் சாதாரணமாக எழுதும் டிரமடால் போன்ற வலி மாத்திரையும் கட்டுப்பாட்டில் உள்ளது.

‘இடமில்லை’ என்றால் யாரும் நம்புவதில்லை. ‘பிரித்தபடியே கொண்டுவாங்க மாமி, எடை போட்டு நானே கட்டிக்கிறேன்’ என்று சொல்லி, திண்ணையில் தராசைத் தொங்க விடுங்கள். பாதிப் பொட்டலம் தானாக வீட்டுக்குத் திரும்பிவிடும்.

*துணியைச் சுருட்டி வைப்பதா, மடித்து வைப்பதா? காற்றை உறிஞ்சும் பிளாஸ்டிக் பை வாங்கலாமா?*
– வாசகர், ஈரோடு

சுருட்டினாலும் மடித்தாலும் எடை அதே எடைதான். உறிஞ்சு பை இடத்தை மிச்சம் பிடிக்கும், அந்த இடத்தில் இன்னும் நாலு புடவை ஏறும், கவுண்டரில் மாட்டிக்கொள்வீர்கள். ஒரே பெட்டியில் 32 கிலோவுக்கு மேல் பொதுவாக ஏற்றுவதில்லை. தூக்குகிறவர் முதுகுக்காக வைத்த வரம்பு அது. நெல் மூட்டை சுமந்த எங்கள் போர்ட்டர்களுக்கு யாரும் அப்படி ஒரு வரம்பு வைக்கவில்லை.

*போய் இறங்கினேன், பெட்டி வரவில்லை. நாலு நாள் கழித்துத்தான் வந்தது. என்ன செய்திருக்கவேண்டும்?*
– வாசகி, கோவை

வாசலைத் தாண்டுமுன், பெல்ட் பக்கத்திலேயே இருக்கும் கவுண்டரில் எழுத்து மூலம் புகார் கொடுத்து எண் வாங்கவேண்டும். நாலு நாளில் வாங்கிய துணி, பிரஷ் எல்லாவற்றுக்கும் ரசீது வைத்திருந்தால் விமானக் கம்பெனியிடம் கேட்கலாம். 21 நாள் ஆகியும் வராத பெட்டி தொலைந்ததாகக் கணக்கு. 1999-ஆம் வருஷத்து மாண்ட்ரீல் ஒப்பந்தப்படி நஷ்ட ஈட்டுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. இன்றைக்கு அது சுமார் இரண்டாயிரம் அமெரிக்க டாலர். கிளம்புமுன் பெட்டியை ஒரு போட்டோ எடுங்கள். கணவன் மனைவியாகப் போனால் ஒருவர் துணியில் இரண்டு செட் மற்றவர் பெட்டியில் இருக்கட்டும். மாத்திரை, இன்சுலின் எப்போதும் கைப்பையில். சரக்கு அறைக் குளிரில் இன்சுலின் உறைந்தால் பயனில்லை.

*போகும்போது சரி, திரும்பி வரும்போது எடை கூடிவிடுகிறதே, அதற்கு என்ன வழி?*
– வாசகர், தஞ்சாவூர்

என்னைக் கேட்கிறீர்களே. போன முறை சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் என் மனைவி கோடாலித் தைலம் 24 பாட்டில் வாங்கினாள். பெட்டியை எடை போடலாம் என்று தராசைத் தேடினேன், காணவில்லை. திருச்சிக்கு வந்து பெட்டியைப் பிரித்தபோது, தைலத்துக்கு அடியில் துண்டில் சுற்றி வைத்திருந்தாள்.