கல்லூரி அணியில் ஆடிய காலம் முடிந்துவிட்டது. இனி நான் யார், என்ன வேலைக்குப் போவது?

இந்தக் கேள்வியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேர்ந்திருப்பீர்கள். விடியற்காலையில் மைதானம், வகுப்பில் தூக்கம், மாலையில் மறுபடியும் மைதானம் என்று மூன்று வருடம் ஓடியிருக்கும். அரியர் ஒன்றிரண்டு பாக்கி இருக்கலாம். இப்போது வீட்டில், "இத்தனை நாள் ஆடியதில் என்ன மிச்சம்?" என்று கேட்கிறார்கள். சரிதானே?

நான் வாலிபால் செட்டர், அதாவது அட்டாக்கர்கள் அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். பல்கலைக்கழக அணிக்கு ஆடியவள். வெளி மாநிலப் போட்டிகளுக்கு முன்பதிவில்லாத பெட்டியில், கழிவறைக் கதவோரம் பந்துப் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துப் போய், இறங்கிய அன்றே ஆடியிருக்கிறோம். ஊரில் எல்லோருக்கும் நான் வாலிபால் ஆடுகிற பெண். கல்லூரி முடிந்ததும் அந்த அடையாளம் போய்விட்டது. ஐந்து மணிக்குத் தானாக விழிப்பு வரும். போக இடம் இருக்காது. அந்த மாதங்களின் வெறுமையை விளையாடாதவர்களுக்குப் புரியவைக்க முடியாது.

எல்லோரும் இரண்டே வழிதான் சொன்னார்கள். ஒன்று, பி.பி.எட். படித்து உடற்கல்வி ஆசிரியர் ஆவது. மற்றது, விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை. நான் ரயில்வே அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்குப் போனேன். அங்கே அணியில் எந்த இடம் காலியோ அதற்குத்தான் ஆள் எடுப்பார்கள். ஒரே ஒரு செட்டர் வேண்டும் என்றால் ஒரே ஒருவருக்குத்தான் வேலை. வந்திருந்த செட்டர்கள் எல்லோருமே நன்றாக ஆடினார்கள். எனக்குக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த என் சித்தி என்னை அங்கே சேர்த்துவிட்டார். செக்கிங்கில் ஆரம்பித்தேன். சில நாளிலேயே என் கண் லைன் முழுவதும் ஓட ஆரம்பித்தது. டி-ஷர்ட் தைக்கும் லைனில் தோள் மூட்டுபவர், கழுத்துப்பட்டி வைப்பவர், ஓவர்லாக் மெஷினில் பக்கவாட்டை மூட்டுபவர், பேட்லாக் மெஷினில் கீழ்மடிப்பு அடிப்பவர் என்று வரிசையாக இருப்பார்கள். ஒருவர் பக்கத்தில் பண்டல் குவிந்தால் அடுத்தவர் கை சும்மா நிற்கும். யாருக்குக் கை சோர்கிறது, யாரிடம் இன்னும் வேகம் மிச்சம் இருக்கிறது, எந்த நிமிடத்தில் ஆளை மாற்றிப்போட வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. செட்டர் ஐந்து செட்டும் செய்கிற வேலை அதுதான்: எந்த அட்டாக்கர் களைத்துவிட்டாள், வலையருகே தடுக்கும் எதிரணி பிளாக் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, அரை நொடியில் பந்தைப் பிரித்துக் கொடுப்பது. மேலாளர் கவனித்து என்னை லைன் சூப்பர்வைசர் ஆக்கினார். இப்போது உற்பத்திப் பிரிவே என் பொறுப்பில் இருக்கிறது.

எனவே நான் சொல்வது இதுதான். ஆட்டத்தில் உங்கள் இடம் எது, அங்கே நீங்கள் எதை மற்றவர்களைவிட நன்றாகச் செய்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள். அந்த வேலை வேறு எங்கே நடக்கிறது என்று தேடுங்கள். "பட்டம் வாங்கிவிட்டுப் பனியன் கம்பெனியா" என்று கேட்க சிலர் வருவார்கள். என் சம்பளத்தில்தான் தம்பி படித்தான், வீடு கட்டினோம். உடற்கல்வி ஆசிரியர்களையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. என்னை ஆளாக்கியவரே அப்படி ஒருவர்தான். அந்த வேலையில் உண்மையாகவே ஆசை இருந்தால் போங்கள். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920 முதல் இருக்கிறது. பயிற்சியாளர் ஆக வேண்டுமென்றால் பாட்டியாலாவில் என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) டிப்ளமோ இருக்கிறது. வேறு வழி தெரியாமல் மட்டும் போகாதீர்கள்.

உடற்கல்வி ஆசிரியர்களுக்குத்தான் பள்ளிகளில் என்ன மரியாதை இருக்கிறது? என் மகளின் பள்ளியில் விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள். மைதானத்தில் பாதியைப் பள்ளி வேன்கள் நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். விளையாட்டுக் கட்டணம் மட்டும் வருடம் தவறாமல் வாங்குகிறார்கள். கேட்டால், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் என்று பதில் வருகிறது. எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அரசு வேலைக்கு முயல்வதென்றால் தாமதிக்காதீர்கள். ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டில் 25 வயதுதான் வரம்பு. மத்திய அரசு வேலைக்குப் படிவம் 3 என்ற விளையாட்டுச் சான்றிதழ் வேண்டும். அது பல்கலைக்கழக அணிக்காக, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவர்களுக்கு. கல்லூரிகளுக்கு இடையே ஆடியது மட்டும் போதாது. பல்கலைக்கழக விளையாட்டுத் துறைப் பொறுப்பாளரின் கையெழுத்தை இப்போதே வாங்கி வையுங்கள். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அறிவிப்புகளை விடாமல் பாருங்கள்.

நீங்கள் எந்த விளையாட்டு, அணியில் எந்த இடம் என்று கேள்வியில் சொல்லவில்லை. அதையும் எழுதினால் எனக்குத் தெரிந்த வேலைகளைச் சொல்கிறேன்.