உடற்பயிற்சி செய்தால் தலைமைப் பண்பு வளருமா?

வளரும். ஆனால் ஜிம்மில் தனியாக எடை தூக்கினால் ஒழுங்குதான் வரும், அதற்குமேல் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கூட்டுப் பயிற்சியில்தான் விஷயம் இருக்கிறது. நம்ம ஈரோடு, கோபி பக்கம் கபடி ஆடுகிறவர்களைக் கவனியுங்கள். எதிரணிப் பக்கம் போய் ஆளைத் தொட்டுத் திரும்பும் ரெய்டுக்கு 30 நொடிதான். ஓரத்தில் நிற்பவர் ரெய்டு வந்தவரின் காலைப் பிடிக்கப் பாயும்போது பக்கத்து ஆள் துணைக்கு வராவிட்டால் புள்ளி போச்சு. பிடிப்பதா, விடுவதா என்று கேப்டன் மூச்சு வாங்கிக்கொண்டே முடிவெடுத்துக் குரல் கொடுக்க வேண்டும். உடம்பு களைத்தால் நிதானமும் தடுமாறும். அதனால்தான் ஓட்டமும் தண்டாலும் தேவைப்படுகின்றன.

அப்புறம் கோவை பக்கம் வெள்ளியங்கிரி மலையேற்றம். அடிவாரத்துப் பூண்டியிலிருந்து ஏழு மலை ஏறும்போது, பின்தங்குபவருக்காக நடையைக் குறைக்கப் பழகலாம். உங்கள் குழுவில் வார்ம்-அப் நடத்தும் பொறுப்பை வாரம் ஒருவருக்குக் கொடுங்கள், கூச்சப்படுகிறவர்களுக்கு முதலில்.